நகராத புள்ளிகள்

மோகன்குமார் கொண்டுவந்த சி.டி. ஓடி முடிந்ததும் யாரும் பேசவில்லை. ஒரு பாட்டு முடிந்தால் கொஞ்ச நேரம் சும்மா இருப்பது எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளின் வழக்கம்தான். ஆனால் அன்று நாங்கள் சும்மா இருந்தது வழக்கத்துக்காக அல்ல. வரதராஜுலு சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். முத்தலிப் பாய் டீ கிளாஸின் அடியில் எதையோ தேடினார். நான் மோகன்குமாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மிகவும் வேண்டிய ஒருவரைப்போல யாரோ நடித்துக்காட்டிக் கேலி செய்ததாக எனக்குப் பட்டது.

“இது யாருங்க?” என்று கடைசியில் பாய் கேட்டார்.

“லாம்பெர்ட்தானுங்க. நம்ம லாம்பெர்ட். அதே ‘இரண்டாம் பாலம்’.”

“இல்லீங்களே. நம்மாளு நடந்து போவான். இவன் கடைசி பஸ்ஸைப் புடிக்கறாப்பல ஓடறானே.”

யாரும் சிரிக்கவில்லை.

1996-இல் கோயமுத்தூரில் ஜாஸ் கேட்கிறவர்கள் என்று எனக்குத் தெரிந்து நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பீளமேட்டில் வரதராஜுலு சாரின் மாடி அறையில் கூடுவோம். கீழே அவருடைய மோட்டார் ரிப்பேர் பட்டறை. மாடி ஏறியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இப்ப என்ன ஓடுது?” என்பது. வீட்டில் எல்லோரும் நலமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வாரம் எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோமோ அதிலிருந்து ஆளுக்கு ஒரே ஒரு பாட்டைப் போட வேண்டும். பாய் பெரும்பாலும் ரேடியோவிலிருந்து பதிவு செய்ததைக் கொண்டுவருவார். பாஸ் வயலினை வாசிக்கும்போதே முனகுகிற ஒரு கலைஞரை அவர் மூன்று மாதமாக விடவில்லை. மெட்டே இல்லாமல் டிரம்ஸ் மட்டும் முழங்கும் ஒரு ஆல்பத்தை ஒருநாள் மோகன்குமார் போட்டபோது, கீழே இருந்து பட்டறை வேலன் ஏறிவந்து, “ஏனுங்க, ஏதாச்சும் உளுந்துபோச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

சார் எழுபதுகளில் அமெரிக்காவில் படித்தவர். திரும்பும்போது ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் கப்பலில் கொண்டுவந்தார். அந்த ஊர்ச் சாமான் நம் ஊர் மின்சாரத்தின் பாதி வோல்டேஜில் ஓடக்கூடியது என்பதால் தன் கையாலேயே ஒரு டிரான்ஸ்பார்மர் சுற்றி மேஜைக்கு அடியில் வைத்திருந்தார். அது சாப்பிட்டுவிட்டுப் படுத்த பூனைபோல எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும். முத்தலிப் பாய்க்கு உக்கடத்தில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை. சாரின் இசைத்தட்டுகளை எங்களுக்குக் கேசட்டுகளாக்கித் தந்தவர் அவர்தான். நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தேன். பம்புகளை மரப்பெட்டிகளில் அடைத்ததும் ‘இப்பக்கம் மேலே’ என்று முத்திரை குத்த வேண்டும். மற்ற நேரத்தில் டிரம்பெட். சர்ச்சில், கல்யாணங்களில், சில சமயம் அரசியல் ஊர்வலங்களில்.

மோகன்குமார் எங்களோடு சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காரமடைப் பக்கம் தோட்டம், திருப்பூரில் பனியன் கம்பெனி, டெல்லியில் இரண்டு வருடம் வேலை. கையோடு எடுத்துப் போகிற மாதிரி ஒரு சி.டி. பிளேயர் வைத்திருந்தார். என் வயதுதான். முதல் நாளிலிருந்தே என்னை “வாங்க, போங்க” என்றுதான் பேசினார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ‘ங்க’ போடுவதாக வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எனக்கு அப்படி இல்லை. என் அப்பா மில் வேலைக்கு வரும்வரை அந்த மாதிரித் தோட்டங்களில்தான் கூலி வேலை செய்தார். அங்கே அவருக்கு யாரும் ‘ங்க’ போட்டதில்லை. மோகன்குமாரைப் பற்றிச் சொன்னபோது அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “அவிங்க நமக்கு ‘ங்க’ போட்டா, எதுக்குன்னு கொஞ்சம் யோசிச்சுக்கடா” என்றார்.

லாம்பெர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடிஸ் லாம்பெர்ட் என்கிற டிரம்பெட்காரரின் அந்த ஒரே இசைத்தட்டுதான் சாரிடம் இருந்தது. சாம்பல் நிற அட்டை. அதில் ‘இரண்டாம் பாலம்’ இரண்டாவது பாட்டு. நான் பார்க்காத ஏதோ ஒரு துறைமுக நகரத்தில், பனி பெய்கிற சாயங்காலம், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்ட ஒருவன் பாலத்தைக் கடந்து போகிறான். போகிற இடத்தில் அவனுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அதனால் அவனுக்கு அவசரம் இல்லை. ஒவ்வொரு விளக்குக் கம்பத்தின் கீழும் நின்று மூச்சு விட்டுப் போகிறான். ஆறு வருடமாக அந்த மனிதனோடு நான் நடந்துகொண்டிருந்தேன். பனியைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேசட்டைப் போட்டால் பெரியநாயக்கன்பாளையத்துப் பஸ் ஸ்டாப்பிலும் எனக்குக் குளிரும்.

அதில் உள்ள ஒவ்வொரு சுரத்தையும் நான் டிரம்பெட்டில் வாசித்துப் பழகியிருந்தேன். ஒரே ஒரு சிக்கல். கேசட்டின் சுருதி எதிலும் சரியாக உட்காராது. டிரம்பெட்டின் சுருதிக் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தால்தான் சேரும். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் பொற்கொடி அக்கா ஒருமுறை என்னோடு சேர்ந்து வாசித்துப் பார்த்துவிட்டு, “உன்ற ஆளு ரெண்டு கட்டைக்கு நடுவுல உக்காந்துட்டு இருக்கறாரு” என்றார். அது அமெரிக்கச் சுருதியாக இருக்கும் என்று நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேன்.

இப்போது அந்தப் பாட்டு எனக்கு வெறும் பாட்டு இல்லை. பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலின் இசைக்குழுவுக்கு ஊதுகிறவர் ஒருவர் வேண்டும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்திருந்தேன். டிரம்பெட் அல்லது சாக்ஸபோன், எதுவானாலும் ஒரே ஒரு ஆள். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். பிடித்த ஒரு பாட்டை அவர்களுடைய பியானோக்காரரோடு சேர்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். நான் ‘இரண்டாம் பாலம்’ என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அது கிடைத்தால் டிரம்பெட்டே என் வேலை. இல்லையென்றால் ‘இப்பக்கம் மேலே’.

அந்தச் சமயத்தில்தான் இந்த சி.டி. அதில் லாம்பெர்ட் உயர்ந்த சுருதியில், வேகமாக, கிட்டத்தட்டச் சந்தோஷமாக வாசித்தார்.

மோகன்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தப்பா நெனைக்காதீங்க சார். நம்ம ரெக்கார்டுதான் மெதுவா ஓடுதோன்னு...”

“மெதுவாவா?” சார் எழுந்துவிட்டார். “இங்க வா கண்ணு. நீயே பாரு.”

இசைத்தட்டைப் போட்டார். அந்த பிளேயரின் சுழலும் தட்டின் விளிம்பில் பொடிப் பொடியாகப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்தால், தட்டு சுற்றினாலும் புள்ளிகள் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். பார்க்க மாயம்போல இருக்கும். புதிதாக வரும் எல்லோருக்கும் சார் அதைக் காட்டுவார்.

“வேகம் கூடுனா புள்ளி முன்னால நகரும். கொறைஞ்சா பின்னால நகரும். இப்ப நகருதா?”

மோகன்குமார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “இல்லீங்க. நிக்குது.”

“இது கம்பெனிக்காரன் போட்ட புள்ளி. நான் போட்டதில்ல.”

“அப்ப சி.டி.யிலதான் ஏதாவது கோளாறா இருக்குமுங்க” என்றார் மோகன்குமார். வாய்தான் அப்படிச் சொன்னது. முகம் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். “எதுக்கும் ஒருக்கா நீங்க இதைக் கேட்டுப்போட்டுப் பெங்களூர் போங்க ஜெரோம். நான் தாரேன்.”

“வேண்டாங்க” என்றேன்.

அவர் போன பிறகு படியில் சார் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “தம்பி, அந்தப் பையன் டெல்லில என்னமோ கத்துக்கிட்டேன்னு சொன்னானே, என்ன அது?”

“சாக்ஸபோன் சார்.”

“ஓட்டல்ல எத்தனை பேரை எடுக்கறாங்க?”

“ஒருத்தர்தான்.”

சார் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல் வாரம் முழுவதும் என் கூடவே வந்தது. ஆறு வருடம் பழகிய வேகத்தை ஒருவன் சோதனைக்குச் சில நாள் முன்பு குழப்பிவிட்டால் என்ன ஆகும்? கை தடுமாறும். எங்கே போனாலும் அந்த ஓடுகிறவன் காலடிச் சத்தம் கேட்கும். அதற்கு ஒரு சி.டி. போதும்.

புதன்கிழமை வேலை முடிந்து உக்கடத்துக்குப் போனேன். பாயிடம் மனதைக் கொட்டலாம் என்று நினைத்தேன். கடையில் நுழைந்ததும் கண்ணில் பட்டது அவர் மேஜைமேல் இருந்த மோகன்குமாரின் சி.டி. பிளேயர். அதிலிருந்து ஒரு ஒயர் பாயின் டேப் டெக்குக்குப் போனது. சி.டி.யின் சாம்பல் அட்டை பக்கத்திலேயே கிடந்தது.

“பாய், நீங்களுமா?”

“என்னடா நானும்?”

“இதை எதுக்கு ஏத்தறீங்க?”

“அவருதான் குடுத்துட்டுப் போனாரு. உனக்குன்னு ஒரு காப்பி போடச் சொன்னாரு. நேர்ல தந்தா நீ வாங்க மாட்டேங்கறயாமா.” கேசட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். “இந்தா.”

“எனக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை காட்டறார்?”

“அதை அவருகிட்டக் கேளு.”

“நீங்க என்ன சொன்னீங்க என்னைப் பத்தி? எந்த ஓட்டல், எந்த நாள், எல்லாம் சொன்னீங்களா?”

பாய் டெக்கை நிறுத்தினார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அப்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. “ஜெரோமு, ஆறு வருசமா இந்தக் கடைக்கு வாரே. இன்னிக்கித்தான் வந்ததும் மேசையை வேவு பாத்தே. டீ சொல்லட்டுமா, இல்ல அதுலயும் ஏதாச்சும் கலந்துபோடுவனா?”

நான் டீ குடிக்கவில்லை. அந்தக் கேசட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அதை டிரம்பெட் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்தேன். கேட்கவில்லை. தூக்கியெறியவும் இல்லை.

மறுநாள் ரயில்வே ஸ்டேஷனில் முன்பதிவு வரிசையில் நின்றேன். எனக்கு ஐந்தாறு பேருக்கு முன்னால் ஒரு நீலச் சட்டை. கவுண்டரில் குனிந்து, “அடுத்த வெள்ளிக்கிழமை, பெங்களூருங்க, ஒண்ணு” என்றது அந்தக் குரல். மோகன்குமார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் டிக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, விசிலடித்தபடி வெளியே போனார். அடித்தது ‘இரண்டாம் பாலம்’. வேகமான பாலம்.

அடுத்த ஞாயிறு நான் ஒரு முடிவோடுதான் மாடி ஏறினேன். எல்லோர் முன்னாலும் கேட்டுவிட வேண்டும். சார் வழக்கம்போல, “இப்ப என்ன ஓடுது?” என்றார். நான் லாம்பெர்ட்டையே போடச் சொன்னேன். பெங்களூருக்கு முன்னால் எனக்கு அது கடைசி ஞாயிறு. சார் இசைத்தட்டைத் துடைத்துப் போட்டார். பாய் என்னைப் பார்க்காமல் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மோகன்குமார் டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார். சாக்ஸபோன் ஊதுகிறவர்களுக்கு வலது கட்டைவிரலில் காய்ப்பு இருக்கும், அந்த விரலில்தான் மொத்த எடையும் நிற்கும். நான் எட்டிப் பார்த்தேன். கிளாஸ் மறைத்தது.

பாட்டு ஓடும்போது பேசக்கூடாது என்பது எங்கள் சட்டம். நான்தான் அதை முதன்முதலாக மீறினேன்.

“வெள்ளிக்கிழமை பெங்களூர் போறீங்களா மோகன்?”

அவர் முகம் ஒரு நொடி மாறியது. “ஆமாங்க. உங்களுக்கு எப்படி...”

“சொல்லவே இல்லையே.”

“அது வந்துங்க, சனிக்கிழமை...”

“சனிக்கிழமைதான் எனக்கும்” என்றேன்.

“பாத்தியா?” என்று சார் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அந்த நேரத்தில் கரண்ட் போனது. லாம்பெர்ட் ஆழ்ந்து, குழறி, நின்றார். டியூப்லைட் அணைந்தது. அந்த இடைவெளியில் மோகன்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஆனால் அதற்குள் கீழே வேலன் ஜெனரேட்டரை இழுத்துவிட்டார். வெளிச்சம் வந்தது. தட்டு மறுபடி சுற்றத் தொடங்கியது. லாம்பெர்ட் விட்ட இடத்திலிருந்து நடந்தார்.

யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் நான் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே வேலன் கடைசல் பிடிக்கும் லேத்தை ஓட்டினார் போலிருக்கிறது. ஜெனரேட்டர் திணறியது. டிரம்பெட்டின் குரல் சட்டென்று கீழே இறங்கியது. தூக்கத்தில் பாடுகிற மாதிரி இழுத்தது. பிறகு மெதுவாக மேலே வந்து பழையபடி ஆனது.

“லாம்பெர்ட்டுக்கு அசதி” என்றார் பாய்.

பாட்டு இறங்கியதை நான்கு பேரும் கேட்டோம். தட்டு மெதுவாகாமல் பாட்டு இறங்காது. ஆனால் புள்ளிகள் நகரவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

“சார், வேலனை லேத்தை நிறுத்திட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்க.”

“எதுக்கு தம்பி?”

“சொல்லுங்க சார். புள்ளியைப் பாருங்க.”

சார் ஜன்னல் வழியாகக் கத்தினார். லேத் நின்றது. மறுபடி ஓடியது. லாம்பெர்ட் மறுபடி சரிந்தார். நாங்கள் நான்கு பேரும் மேஜையைச் சுற்றித் தலையோடு தலை இடிக்கக் குனிந்திருந்தோம். புள்ளிகள் அசையவே இல்லை.

“தேவுடா” என்றார் சார்.

மோகன்குமார்தான் ஒரு காகிதத் துண்டைக் கிழித்து இசைத்தட்டின் நடுவில் வைத்தார். பாய் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சத்தமாக எண்ணினோம். நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று வர வேண்டிய தட்டு, இருபத்தெட்டைக்கூட முழுதாகத் தொடவில்லை. கரண்ட் திரும்பி வந்த பிறகும் எண்ணினோம். ஏறக்குறைய அதே கணக்கு.

சார் பிளேயரைக் குப்புறக் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அறுபது சைக்கிள்” என்றார். “அந்த ஊரு கரண்ட்டு செகண்டுக்கு அறுபது தடவை துடிக்கும். நம்முளுது அம்பது. இந்த மோட்டாரு கரண்ட்டு துடிக்கற வேகத்துக்குத்தான் சுத்தும். டியூப்லைட்டும் அதே துடிப்புலதான் மின்னும். ரெண்டும் சேந்தே மெதுவாச்சுன்னா, புள்ளி எப்பிடி நகரும்?” கொஞ்ச நேரம் மேஜைக்கு அடியில் உறுமும் டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார். “வோல்ட்டைப் பாத்தேன். சைக்கிளைப் பாக்காம உட்டுட்டேன். இந்த ஊரு மோட்டாருக்கெல்லாம் நான் வைத்தியம் பாக்கறேனாமா!”

பாய் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். “அப்ப நெசமாலுமே அவன் ஓடறவன்தானா? நாமதான் காலக் கட்டி நடக்க வெச்சோமா?”

“மோட்டாரு தண்டுல இருக்கற புல்லிச் சக்கரத்தைப் பெருசாக் கடைஞ்சு மாட்டுனா சரியாப்போயிரும். வேலனை இப்பவே...” சார் எழுந்தார்.

“உக்காருங்க சார். இத்தன வருசம் இல்லாத அவசரம். இன்னொரு வாட்டி மெதுவாவே போடுங்க. கேட்டுக்கறோம்” என்றார் பாய்.

போட்டார். யாரும் புள்ளிகளைப் பார்க்கவில்லை. பெங்களூர்ப் பேச்சையும் யாரும் திரும்ப எடுக்கவில்லை. பாலத்தில் என் மனிதன் நடந்து போனான். முதன்முறையாக எனக்கு அவன்மேலும் சந்தேகம் வந்தது. ஆறு வருடம் என்னோடு நடந்தவன் யார்? அப்படி ஒருவன் எந்த நகரத்திலும் இருந்ததில்லை. இந்த மேஜைமேல் மட்டும்தான் இருந்தான். சோதனைக்கு இன்னும் ஆறு நாள்கூட முழுதாக இல்லை.

படியிறங்கும்போது பாயின் கையைப் பிடித்தேன். “பாய், அன்னிக்கி...”

“டீக்கு வா” என்றார். “நீயே போட்டுக் குடிச்சுக்க, நம்பிக்கையா இருக்கும்.”

அன்று சாயங்காலம் பெட்டியின் துணிக்கு அடியிலிருந்த கேசட்டை எடுத்துக் கேட்டேன். சுருதிக் குழாயை உள்ளே தள்ளி, எல்லாச் சுரத்தையும் ஒன்றரைக் கட்டை ஏற்றி வாசித்தேன். கச்சிதமாகச் சேர்ந்தது. அடுத்த நாள் சர்ச்சில் பொற்கொடி அக்காவோடு வாசித்தபோது, “அட, உன்ற ஆளு கட்டையில ஏறி உக்காந்துட்டாரே!” என்றார். சுருதி வந்துவிட்டது. வேகம் வரவில்லை. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் மரப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று வாசித்தேன். பாட்டின் நடுவில் லாம்பெர்ட் படியிறங்குவதுபோல ஓடிவரும் ஒரு இடம் உண்டு. மெதுவாக வாசித்தபோது ஒவ்வொரு படியிலும் கால் வைத்து இறங்கலாம். இப்போது நான்காவது படியிலேயே விரல்கள் சிக்கிக்கொண்டன. திங்கள் சிக்கின. வியாழனும் சிக்கின.

வெள்ளிக்கிழமை ரயிலில் மோகன்குமார் என் பெட்டியில் இல்லை. ஜோலார்பேட்டையில் ரயில் நின்றபோது பிளாட்பாரத்தில் அவர் நடந்து போவது தெரிந்தது. கையில் ஒரு நீளமான பை. ரெக்கார்டு விஷயம் விளங்கிய பிறகும் அந்தப் பையிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. மின்சாரத்தின் பொய் வெளிப்பட்டது என்பதால் மனிதர்களும் உண்மையாகிவிடுவார்களா என்ன? சி.டி. நிஜமான சி.டி.யாகவே இருக்கலாம். அதைக் கொண்டுவந்தவர் சாக்ஸபோனோடு வரலாம். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

ஓட்டலின் சாப்பாட்டுக் கூடம் மதியத்துக்கு முன்பு காலியாக இருந்தது. மேஜைமேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர் வாசித்து முடித்திருந்தார்கள். ஒருவர் சாக்ஸபோன், வயதானவர். இன்னொருவர் டிரம்பெட். மோகன்குமாரைக் காணவில்லை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பியானோக்காரர் தலை முழுவதும் நரைத்தவர். எந்தச் சுருதி என்று கேட்டார். சொன்னேன். விரலால் மேஜையைத் தட்டி, இந்த வேகமா என்று கேட்டார். நிஜமான வேகம். ஆமாம் என்றேன்.

முதல் பாதி நன்றாகவே போனது. பாலத்தின்மேல் ஒருவன் ஓடினான். அவனை எனக்குத் தெரியாது, ஆனால் கூடவே ஓட முடிந்தது. படிகள் நெருங்கின. என் விரல்களை நான் நம்பவில்லை. எல்லாப் படியிலும் கால் வைத்தால் நான்காவதில் விழுவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் முதல் படியிலேயே நின்றேன். அந்த ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்தேன். பியானோ கீழே ஓடிக்கொண்டிருந்தது. நான் மேலே நின்று மூச்சு விட்டேன், விளக்குக் கம்பத்தடியில் நிற்கிற மாதிரி. பிறகு கடைசிப் படிக்கு இறங்கிப் பியானோவோடு சேர்ந்துகொண்டேன்.

முடிந்ததும் பியானோக்காரர் நாற்காலியோடு திரும்பினார். நடுவில் இருந்த சுரமெல்லாம் எங்கே என்று கேட்டார். வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் கையைப் பியானோவில் மறுபடி வைத்தார். அந்த இடத்தை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மறுபடி அதே இடத்தில் நின்றேன். இந்த முறை அவரும் கையைக் குறைத்து எனக்கு இடம் விட்டார்.

ஒன்றாம் தேதி வரச் சொன்னார். மூன்று மாதம் பார்க்கலாம், அதற்குள் அந்தப் படிகளையும் கற்றுக்கொள், எப்போது விடுவது என்பதைப் பிறகு பேசலாம் என்றார்.

பெட்டியை மூடிக்கொண்டு திரும்பினால், கூடத்தின் கோடியில், கவிழ்த்த நாற்காலிகளுக்குப் பின்னால் மோகன்குமார் நின்றிருந்தார். கையில் அந்த நீளப் பை.

“கெடைச்சுதுங்களா?”

“கெடைச்சுது. நீங்க எப்ப வாசிக்கறீங்க?”

“நானா? எதைங்க?”

நான் பையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு ஜிப்பைத் திறந்து காட்டினார். உள்ளே பித்தளைக் குத்துவிளக்கின் தண்டு. “அக்கா புது ஊட்டுல இன்னிக்கிக் காலைல பால் காச்சுனாங்க. அம்மா குடுத்துவிட்ட வெளக்கு. அவிய ஊட்டுல இதே மாதிரி ஒண்ணு இருக்குதாமா, மாத்திக் கொண்டான்னு சொல்லிப்போட்டாங்க. அப்படியே நீங்க வாசிக்கறதைக் கேக்கலாம்னு வந்தேன். முன்னாலயே சொன்னா உங்களுக்குப் படபடன்னு இருக்குமுங்களே.”

“நீங்க சாக்ஸபோன்...”

“அது வாடகைக்கு எடுத்ததுங்க. மூணே மாசம். ஊட்டு ஓனரு கையெடுத்துக் கும்பிட்டாரு. திருப்பிக் குடுத்துப்போட்டேன்.”

அன்று மதிய ரயிலில் இருவரும் எதிரெதிர் ஜன்னலில் உட்கார்ந்து திரும்பினோம். அவர் காதில் மாட்டிக் கேட்கும் ஒயரில் ஒன்றை எனக்குத் தந்தார். பியானோ ஆல்பம். இப்போது அவருக்கு ஓடுவது அதுதான். இதன் வேகம் சரியாக இருக்குமா என்று கேட்டேன். “இது பேட்டரிங்க” என்றார். இருவரும் சிரித்தோம்.

சேலம் தாண்டியதும் அவர் தூங்கிவிட்டார். தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது. வலது கை மடியில் திறந்து கிடந்தது. நான் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகக் குனிந்தேன். கட்டைவிரலில் காய்ப்பு இல்லை. வழவழவென்று இருந்தது.

அப்போதுதான் முழுதாக நம்பினேன்.